மின் பற்றாக்குறையும் தொழில் வளர்ச்சியும்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மின்பொறியாளரின் பதில்கள்

மின்வெட்டு நாட்டின் வளர்ச்சியையே தடுக்குமா? ஜெனரேட்டர் வைத்துச் சமாளிக்க முடியாதா?

சமாளிக்கலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவே சிறுதொழிலை விழுங்கிவிடும். 2012இல் கோவையில் ஒரு ஃபவுண்டரியில் நின்றுகொண்டிருந்தேன். இரும்பு உருகி ஊற்றும் பதத்துக்கு வந்த நேரத்தில் அறிவிப்பின்றி மின்சாரம் போயிற்று. அச்சுகள் வரிசையாகக் காத்திருக்க, உலைக்குள்ளேயே இரும்பு இறுகியது. அதைக் கொத்தியெடுத்து உள்பூச்சைப் புதிதாகப் பூசும்வரை ஆட்களுக்கு வேலையில்லை. லேத்தை டீசலில் ஓட்டலாம், உலையை ஓட்டக் கட்டுப்படியாகாது.

இத்தனை காற்றாலைகள் இருந்தும் தமிழ்நாடு ஏன் இருளில் தவித்தது?

காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்ததும் உற்பத்தி சரிந்துவிடும். அப்போது வெளி மாநிலங்களிலிருந்து வாங்கப் பணம் இருந்தாலும், கொண்டுவரப் போதிய மின்பாதை அப்போது இருக்கவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை 2013 டிசம்பர் 31 அன்று இணைக்கப்பட்ட பிறகுதான் தென்மண்டல மின்தொகுப்பு, அதாவது தென்மாநில மின்நிலையங்களையும் மின்பாதைகளையும் இணைக்கும் வலையமைப்பு, நாட்டின் ஏனைய தொகுப்புகளோடு ஒரே அதிர்வெண்ணில், ஒரே தொகுப்பாக இயங்கத் தொடங்கியது. அதுவரை அப்படி இணையாமல் தனித்து இயங்கியதால்தான் 2012 ஜூலையில் வடக்கும் கிழக்கும் இருண்டபோது தெற்கு தப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே, எத்தனை மெகாவாட் நிலையம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை எடுத்துச்செல்லக் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னும் சில அனல்மின் நிலையங்கள் கட்டினால் தீராதா?

முந்தைய பதிலைப் படியுங்கள்.

விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்பது என் கருத்து.

நைஜீரியா 2013இல் உற்பத்தியையும் விநியோகத்தையும் தனியாருக்கு விற்றது. 20 கோடிக்கு மேல் மக்கள் வாழும் அந்நாட்டின் தொகுப்பு, அதன் பின்னும் பல ஆண்டுகள் சுமார் 4,000 முதல் 5,000 மெகாவாட்டையே வழங்கிவந்தது. எரிவாயு தடையின்றி வரவில்லை, மின்பாதைகள் பலவீனமாக இருந்தன, வசூலாகாத கட்டணத்தால் நிலையங்களுக்குப் பாக்கி சேர்ந்தது. உரிமையாளர் மாறியதால் இவை மாறவில்லை.

அப்படியானால் இலவச மின்சாரத்தை ஆதரிக்கிறீர்களா?

அளவிடாமல் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். உழவருக்கு மானியம் தரட்டும். பம்புசெட்டில் மீட்டரும் இருக்கட்டும். மீட்டர் இல்லாத இடத்தில் எது பாசனம், எது இழப்பு, எது திருட்டு என்று பிரித்தறிய முடியாது.

அனல்மின் நிலையம் பற்றி நான் கேட்டதற்கு விரிவாகப் பதில் சொல்லவில்லையே?

ஐயா, கட்டிய நிலையத்தின் மின்சாரம் கோவைக்கு வந்து சேர வழி வேண்டும். இரண்டாம் கேள்விக்கான பதிலில் அதைத்தான் விரிவாக எழுதியிருக்கிறேன்.