கேள்வி நேரம்: இரண்டு நாளில் பினாங்கு

கோலாலம்பூரில் ஒரு வாரம் ஆபீஸ் வேலை. சனி, ஞாயிறுதான் கையில் இருக்கிறது. பினாங்கு போய் வரலாமா? எதையெல்லாம் விடாமல் பார்க்க வேண்டும்?
- ஒரு வாசகர், திருச்சி

தாராளமாக. கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் நாலு, நாலரை மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கே டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்துபோய் ஃபெர்ரியில் ஏறுங்கள். எதிரே தீவில் இருக்கும் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்லக் கிட்ட வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

‘விடாமல்’ என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். என் மகள் அங்கே வேலை பார்க்கிறாள்; ஆறு தடவை போய்விட்டேன், பாம்புக் கோயிலை இன்னும் பார்த்ததில்லை. சனிக்கிழமைக்கு ஒரே ஒரு தெரு போதும்: ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். ஆங்கிலேயர் காலத்தில் பிட் தெரு. ஒரு முனைக்குப் பக்கத்தில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். நாலு எட்டு வைத்தால் குவான் யின் கோயில். ஊதுபத்திப் புகையில் கண் எரியும். அப்புறம் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலின் முதுகுப் பக்கம். வாசல் அடுத்த தெருவில். கடைசியில் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குத் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-இல் தொடங்கியது. இவ்வளவும் கால் மணி நேர நடைக்குள். நான் அரை நாள் எடுத்துக்கொள்வேன், வெயில் அப்படி.

சாயங்காலம் சியூ ஜெட்டி. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மரவீடுகள். உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன, ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டாம். ராத்திரி சூலியா தெருவின் தள்ளுவண்டிகள்.

நாசி கண்டார், நாசி கண்டார் என்கிறார்களே, அது நம்ம ஊர்ச் சாப்பாடா, மலாய்ச் சாப்பாடா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பெயர் மலாய், தோள் தமிழ்! நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் காவுதடி. ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் குழம்பு என்று தோளில் தொங்கவிட்டு, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றது. இப்போது காவுதடி இல்லை, கடைதான்.

வரிசையில் நின்றால் கண்ணாடிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு அண்டாக்கள். கோழி, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய். முதல் தடவை எனக்குப் பரிமாறிய தம்பி தொண்டிக்காரர். தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, “அண்ணே, பஞ்சிர் போடவா?” என்றார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். சரி என்றேன். கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி, கறுப்பாக எதிலோ கொஞ்சம், கடைசியில் பருப்பு. சோறு மூழ்கியே போனது. வீட்டில் குழம்பைக் கலந்தால் திட்டு விழும். அங்கே கலக்காமல் சாப்பிட்டால் பாவமாகப் பார்க்கிறார்கள்.

ஒன்று: உள்ளங்கை அகல இறாலை நோக்கி விரலை நீட்டும் முன் விலை கேளுங்கள். நான் கேட்கவில்லை. சீட்டில் எழுதியிருந்த தொகையைப் பார்த்ததும் ஏப்பம் நின்றுவிட்டது.

நான் சுத்த சைவம். பினாங்கில் பழமும் பிரெட்டும்தானா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

இல்லை. ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வதக்கிய கீரைதானே என்று நினைப்பீர்கள், உள்ளே பெலாச்சான் இருக்கும்; இறாலைப் புளிக்க வைத்து இடித்த விழுது. சார் குவே தியாவ் என்ற அரிசிப் பட்டை நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பும் சிப்பியும் உண்டு. சீன பௌத்தர்களின் சைவக் கடையைத் தேடிப் போங்கள். வெங்காயம், பூண்டுகூட விலக்கும் கடைகள் உண்டு, கும்பகோணத்து ஆசாரம் தோற்கும். லிட்டில் இந்தியாவில் தோசை இருக்கிறது. அதற்கு விமானச் செலவு எதற்கு?

உங்களுக்கென்றே இருப்பது செண்டோல். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் லெபு கெங் குவீ சந்தில், கிண்ணத்தைக் கையில் பிடித்து நின்றபடியே சாப்பிடுகிறார்கள். துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்பு பீன்ஸ், தாழை வாசத்தில் பச்சைப் புழு மாதிரி அரிசி மாவுத் துண்டுகள். உருவத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நம்ம இடியாப்பத்தின் தூரத்து உறவுதான்.

மாமியாருக்கு முட்டி வலி. பினாங்கு மலைக்கு அழைத்துப் போகலாமா?
- ஒரு வாசகி, மதுரை

போகலாம். 1923 முதலே மலை ரயில் ஓடுகிறது. இப்போது ஓடுவது 2011-இல் வந்த புதிய வண்டி. ஞாயிறு பத்து மணிக்கு மேல் போனால் ரயிலில் உட்காருவதைவிட வரிசையில் நிற்பதுதான் அதிகம், முட்டி தாங்காது. ஏழு மணிக்கே போங்கள். மேலே முருகன் கோயிலும் இருக்கிறது, மாமியார் மனம் குளிரும்.

இறங்கி ஆயர் ஈத்தாம் வந்து அசாம் லக்சா சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் இல்லாத லக்சா. கானாங்கெளுத்தி மீனை உதிர்த்துப் போட்ட புளிக்குழம்பில் தடித்த நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி, கறுப்பு இறால் பாகு. முதல் கரண்டியிலேயே ‘இது நம்ம மீன் குழம்பு’ என்பீர்கள். அடுத்ததில் இஞ்சிப்பூ வாசம் வந்து இல்லை என்று சொல்லும்.

சுவர் ஓவியங்களைப் பற்றி எழுதவே மாட்டீர்களா?
- ஒரு கல்லூரி மாணவர், கோவை

எழுதிவிட்டேன், போதுமா? அர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் இரண்டு பிள்ளைகள், 2012-இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது. பிள்ளைகள் ஓவியம், சைக்கிள் நிஜம். காலை எட்டுக்குள் போனால் சுவரைப் பார்க்கலாம். பிறகு செல்ஃபி எடுப்பவர்களின் முதுகுதான்.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?
- ஒரு வாசகி, சேலம்

ஜாதிக்காய் ஊறல். அப்புறம் தாவ் சார் பியா. சுசியத்துப் பூரணத்தைக் குட்டி பிஸ்கட்டுக்குள் வைத்தது போலப் பாசிப்பயறு பிஸ்கட். சில கடைகளில் மாவைப் பன்றிக் கொழுப்பில் பிசைகிறார்கள், கேட்டு வாங்குங்கள். இது எனக்குத் தெரிந்தது, மூன்றாம் வீட்டு மாமிக்கு ஒரு டப்பா கொடுத்த பிறகு. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று கதவைத் தட்டினால், டப்பா காலி. “அந்தப் பயறு பிஸ்கட் இன்னும் இருக்கா?” என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிறார்.