சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு வீட்டுக் கடன்

கேள்வி: அம்பத்தூரில் 7,500 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். கணவருக்கு லேத் பட்டறையில் வாரக் கூலி, எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. இருவருமாக மாதம் 34,000 ரூபாய் ஈட்டுகிறோம். 16 லட்சத்துக்குப் பழைய அடுக்கக வீடு ஒன்று விலைக்கு வருகிறது. கையில் 4 லட்சம் இருக்கிறது. மீதி 12 லட்சத்தை 13 சதவீத வட்டியில் தர ஒரு வீட்டுக் கடன் நிறுவனம் முன்வந்துள்ளது. மத்திய அரசின் மானியமும் உண்டு என்கிறார் தரகர். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 16 லட்சத்துக்கு மட்டும் 1,44,000 ரூபாய் ஆகும். இது பொதுவாக வீட்டுக் கடனில் சேராது. உங்கள் 4 லட்சமும் விலைக்கே போய்விட்டால், பத்திரச் செலவுக்குக் கைமாற்று வாங்க நேரும். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கிடைக்கும் 1 சதவீதச் சலுகையும் 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்குத்தான்.

தரகர் சொல்லும் மானியம் பொய்யன்று. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் கீழ், நாட்டில் எங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இல்லாத, உங்களைப் போன்ற வருமானமுள்ள குடும்பங்களுக்குக் கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் அதிகபட்சம் 1,80,000 ரூபாய்தான், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். 12 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை 13 சதவீதத்தில் மாதம் 14,059 ரூபாய். 9 சதவீதத்தில் கிடைத்தால் 10,797. இந்த 3,262 ரூபாய் வித்தியாசம் 240 மாதங்களில் ஏறத்தாழ 7,83,000 ஆகிறது. மானியத்தைக் காட்டி வட்டியை மறைப்பது தரகர்களின் பழைய வித்தைதான்.

வங்கிகள் உங்களிடம் தயங்குவது வருமானம் போதாமையால் அன்று, அதற்கு எழுத்துச் சான்று இல்லாமையால். எனவே கணவரின் கூலியை வாராவாரம் வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லுங்கள். தையல் கூலியையும் அளவு நோட்டோடு நிறுத்திவிடாமல் ஜிபே வழியாக வாங்குங்கள். வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் இருவரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் பொதுத்துறை வங்கியில் கூட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு கூடும். அதற்குள் பத்திரச் செலவும் சேர்ந்துவிடலாம்.

இந்த வீட்டை விட மனமில்லை என்றால், அந்த நிறுவனத்திடம் செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த உண்மையான ஆண்டுச் செலவு சதவீதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கடன் மாறும் வட்டியில் இருக்கட்டும்; அப்படியிருந்தால் பிறகு குறைந்த வட்டி தரும் வங்கிக்கு மாற்றும்போது முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் விதிக்க முடியாது. மூலப் பத்திர நகலையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞர் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.