எக்செல் அட்டவணையை அச்சிட்டால் கடைசி நிரல்கள் வேறு தாளுக்குப் போகின்றன. மாணவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

உடனே அச்சிட விடாதீர்கள். தாளும் மையும்தான் வீண். திருகோணமலையின் மழைவீழ்ச்சி அட்டவணையை, ஆண்டுகள் நிரைகளிலும் 12 மாதங்கள் நிரல்களிலுமாக அமைத்து, ‘வியூ’வில் ‘பேஜ் பிரேக் பிரிவியூ’வைத் திறக்கச் சொல்லுங்கள். நவம்பரும் டிசம்பரும் பக்க எல்லையைக் காட்டும் நீலக் கோட்டுக்கு அப்பால் நிற்பது தெரியும். (மழை கொட்டும் மாதங்களே வெளியே!)

பிறகு ‘பேஜ் லேஅவுட்’டில் தாள் ஏ4, ‘லாண்ட்ஸ்கேப்’. பெரும்பாலும் இதுவே போதும். மிஞ்சினால் மட்டும் ‘விட்த்’ 1 பக்கம். ‘ஹைட்’ ஓட்டோமேட்டிக்காகவே இருக்கட்டும். அதையும் 1 ஆக்கினால், நீண்ட அட்டவணை முழுவதும் ஒரே தாளில் நெரிந்து எழுத்துகள் எறும்பாகிவிடும். பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை இதுதான். இப்படிச் சுருக்கும்போது, கையால் இட்ட பக்க முறிப்புகளை எக்செல் கணக்கெடுக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

2ஆம் தாளிலும் தலைப்பு நிரை வர, ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ஸைத் திறந்து ‘ரோஸ் டு ரிப்பீட் அட் டொப்’ பெட்டியில் $1:$1 (அதாவது முதல் நிரை).