கண்ணாடிக்குப் பின்னால் காதை வைத்தால்

முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரையும் ராஸ்பெரி பை (சுருக்கமாக 'பை') என்ற கையளவு கணினியும் வைத்து வீட்டில் செய்த ஸ்மார்ட் கண்ணாடி பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: அதோடு எப்படிப் பேசுவது? கிடைத்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, ராஸ்பெரி பையில் மேஜிக் மிரர் என்ற கண்ணாடி மென்பொருளைப் போட்டு, குரல் உதவியாளரையும் சேர்த்தேன். மேசையில் கிடந்தபோது நன்றாகக் கேட்டது. சட்டத்துக்குள் வைத்துப் பூட்டியபின் கத்தினாலும் விழிக்கிறதில்லை. மைக் பழுதா? (உப்புவெளி வாசகர்)

மைக் நல்லதுதான் தம்பி, அது இருக்கிற இடம்தான் பிழை. மூடின யன்னலுக்கு வெளியே நின்று ஒருவர் கூப்பிட்டால் உள்ளே எப்படிக் கேட்கும்? உங்கள் மைக்குக்கும் அவ்வளவுதான் கேட்கிறது. கண்ணாடி வெளிச்சத்தை விடும், சத்தத்தை விடாது.

என் வீட்டுக் கண்ணாடியிலும் முதலில் இதே பிழையைத்தான் விட்டேன். மென்பொருளைத் திரும்பத் திரும்ப நிறுவி இரண்டு கிழமை வீணாய்ப் போனது. கடைசியில் சட்டம் அடித்துத் தந்த ஓடாவியிடமே கொண்டுபோய், முதிரைக் கட்டையின் கீழ்ப்பக்கத்தில் 3 மில்லிமீற்றரில் ஒரு துளை போடச் சொன்னேன். மைக்கின் வாயைத் துளைக்கு நேராக வைத்து, சுற்றிவர மெல்லிய ஸ்பொஞ்ச் வளையம் ஒட்டினேன். பெட்டிக்குள் சுற்றுகிற சத்தம் மைக்குக்குள் போகாமல் தடுப்பது அந்த வளையம்தான், அதை விட்டுவிடாதீர்கள். துளையின் வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு மெல்லிய துணி. எறும்பும் வராது, கச்சான் காற்று துளையில் மோதி 'புஸ்' என்று இரைகிறதும் குறையும். அன்று இரவே குசினியில் நின்று கூப்பிட, கண்ணாடி விழித்தது.

இன்னும் சில விஷயங்கள். ராஸ்பெரி பை 4 இல் இருக்கிற 3.5 மில்லிமீற்றர் துவாரம் சத்தம் வெளியே போவதற்கு மட்டும். பை 5 இல் அதுவும் இல்லை. ஆகவே யூஎஸ்பி மைக் ஒன்று கட்டாயம் வேண்டும். அமைப்புக் கோப்பில் மைக்கை எண்ணால் குறிக்காமல் பெயரால் குறியுங்கள். மறுபடி இயக்கும்போது அந்த எண்கள் இடம் மாறலாம், நேற்றுக் கேட்டது இன்று கேட்காது. ஒலிபெருக்கியை மேல் கட்டையிலும் மைக்கைக் கீழ்க் கட்டையிலும் வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண்ணாடி தன் குரலையே கேட்டுக் குழம்பும்.

உதவியாளரை நிறுவ முதல், வெறும் 5 விநாடி ஒலிப்பதிவு ஒன்று செய்து ஹெட்போனில் கேளுங்கள். மின்விசிறி ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை. உங்கள் காதுக்கே விளங்காத பேச்சு எந்த மென்பொருளுக்கும் விளங்காது.

என் உம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவவும் பேசுகிற மாதிரிச் செய்யலாமா? (கிண்ணியா வாசகி)

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செய்யலாம் தங்கச்சி, ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கிற ஒன்றை எடுத்துப் பூட்டினால் சரிவராது. அலெக்சாவுக்கு ஆங்கிலமும் ஹிந்தியும் தெரியும், தமிழில் பேச வராது. கூகுள் அசிஸ்டன்ட் போனில் தமிழ் கேட்கும், ஆனால் நாமே செய்கிற கருவிகளுக்காக அவர்கள் கொடுத்த தொகுப்பில் தமிழ் சேரவில்லை. அதனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்: கூப்பிட்டால் விழிப்பது, பேச்சை எழுத்தாக்குவது, என்ன கேட்டார் என்று பிடிப்பது, பதில் சொல்வது.

பேச்சை எழுத்தாக்க இரண்டு வழி உண்டு. கூகுளின் கிளவுட் சேவையில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. இலங்கைக் குறியையே போடுங்கள். வீட்டுக் குரல் வெளியே போகக்கூடாது என்றால் விஸ்பர் இருக்கிறது. 2022 இல் ஓபன் ஏஐ வெளியிட்ட, எவரும் எடுத்துத் தன் கணினியிலேயே ஓடவிடக்கூடிய மென்பொருள் அது, தமிழும் தெரியும். அதன் மிகச் சிறிய அளவுகள் பையில் ஓடும், ஆனால் தமிழில் நிறையப் பிழை விடும். 'ஸ்மால்' அளவு பரவாயில்லை, பைக்குத்தான் அது பாரம். வீட்டில் பழைய லப்டொப் இருந்தால் அதில் ஓடவிட்டு, கண்ணாடி ஒலியை அதற்கு அனுப்பட்டும்.

என்ன கேட்டார் என்று பிடிப்பதற்குப் பெரிய மூளை ஒன்றும் தேவையில்லை. ஒரு கிழமை உம்மாவுக்குப் பக்கத்தில் கொப்பியோடு இருந்து, அவ என்ன கேட்கிறா, எப்படிக் கேட்கிறா என்று எழுதுங்கள். 'இன்றைய வானிலை என்ன' என்று எந்த உம்மாவும் கேட்கப் போவதில்லை. 'மழ வருமா', 'மணி எத்தின', 'லைட்டப் போடு' என்றுதான் வரும். பத்துப் பன்னிரண்டு வாக்கியம் சேர்ந்தால் போதும், அவற்றில் உள்ள முக்கியச் சொற்களைத் தேடச் சொல்லி ஒரு சின்ன நிரல் எழுதிவிடலாம்.

பதில் சொல்ல ஈஸ்பீக் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ் வரும், ஆனால் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும். நான் சொல்வது, உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். நேரம் சொல்ல 'பத்து மணி', 'இருபது நிமிடம்' என்று 12 மணிகளும் 59 நிமிடங்களும், ஆக 71 சின்னப் பதிவுகள் போதும். ஒரு பின்னேரத்து வேலை. யாரோ ஒரு இயந்திரம் சொல்வதைவிட மகளின் குரலில் நேரம் கேட்பது உம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணாடியைக் 'கோணேசா' என்று கூப்பிட ஆசை. முடியுமா? (திருகோணமலை நகர வாசகர்)

ஆசை விளங்குகிறது. ஆனால் நம் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தப் பெயர் வாயில் வருகிறது! ஒவ்வொரு தரமும் கண்ணாடி விழித்துக்கொள்ளும். விழிப்புச் சொல், அதாவது கண்ணாடியைக் கூப்பிடுகிற பெயர், வீட்டுப் பேச்சில் வராததாகவும், மூன்று நான்கு அசையாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. விழிப்புச் சொல்லைப் பிடிக்கிற ஓபன் வேக்வேர்ட் போன்ற மென்பொருள்களில் புதுச் சொல்லைப் பழக்குவது கணினி உண்டாக்கும் ஆங்கிலக் குரல்களை வைத்துத்தான். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் கொடுத்தால், 'ண'வும் 'ழ'வும் ஆங்கிலக்காரர் நாக்கில் வருகிற மாதிரியே அது பழகும். அந்த எழுத்துகள் இல்லாத சொல்லைத் தேடுங்கள். தவறுதலாக அடிக்கடி விழித்தால், எவ்வளவு நிச்சயமானால் விழிக்க வேண்டும் என்கிற எல்லையை, வழக்கமாக 0.5 ஆக இருப்பதை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்தால் நேரம் பிழையாகக் காட்டுகிறது. ஒரு தடவை இயங்கவே இல்லை. (ஓர்ஸ் ஹில் வாசகர்)

பை 4 க்குள் மணிக்கூடு கிடையாது, நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கிறது. கரண்ட் வந்து ரவுட்டர் தயாராகும் வரை பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். டிஎஸ் 3231 என்ற சின்ன மணிக்கூட்டுப் பலகையை பட்டன் பற்றரியோடு பூட்டினால் சரி. பை 5 இல் மணிக்கூடு உண்டு, அதற்குப் பற்றரி தனியாகப் போட வேண்டும். இயங்காமல் போனது மெமரி கார்ட் கெட்டதால் இருக்கும், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அப்படி நடக்கும். எல்லாம் அமைத்து முடிந்தபின், பையின் அமைப்புப் பட்டியலில் உள்ள ஓவர்லே வசதியைப் போட்டு கார்ட்டில் எழுதுவதையே நிறுத்துங்கள். திரையில் மின்னல் குறி வந்தால் வோல்டேஜ் குறைகிறது என்று அர்த்தம். பை 4 க்கு 5 வோல்ட், 3 அம்பியர் தருகிற சார்ஜர் வேண்டும், போன் சார்ஜர் காணாது.

கடற்கரைக்குப் பக்கத்து வீடு. உப்புக் காற்று என்ன செய்யும்? (டச்சு பே அருகிலிருந்து)

நம் ஊர்ப் பழைய நிலைக்கண்ணாடிகளின் ஓரம் கறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள், பலகையின் பின்களும் அப்படித்தான் பச்சை பிடிக்கும். கடல் பக்க யன்னலுக்கு நேரே மாட்டாதீர்கள். துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள். ஆனால் காற்றே போகாமல் அடைத்தும் விடாதீர்கள். பையின் சூடு 80 பாகை செல்சியஸ் தாண்டினால் அது தானாக வேகத்தைக் குறைக்கும், அப்புறம் உதவியாளர் பதில் சொல்லப் பிந்தும். மேலும் கீழும் காற்றுத் துவாரம் விட்டு, உள்பக்கம் வலை ஒட்டுங்கள்.

நிலாவெளியில் விருந்தினர் அறைகள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அறையிலும் பேசும் கண்ணாடி வைத்தால் நன்றாக இருக்குமா?

வேண்டாம். படுக்கும் அறையில், உடுப்பு மாற்றுகிற கண்ணாடியில், முன்பின் தெரியாத ஒருவர் வைத்த மைக் இருப்பதை யார் விரும்புவார்கள்? வரவேற்பு இடத்தில் ஒன்று வையுங்கள், போதும். அதிலும் மைக்கின் வயரை நேரடியாகத் துண்டிக்கிற சுவிட்ச் ஒன்றை சட்டத்தின் பக்கவாட்டில், கைக்கு எட்டுகிற உயரத்தில் பூட்டுங்கள். மென்பொருளில் மட்டும் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். பக்கத்திலேயே ஒரு சிவப்பு எல்ஈடியும் வையுங்கள். மைக்குக்குப் போகிற அதே 5 வோல்ட் வயரில், சுவிட்சுக்குப் பிறகு, ஒரு ரெசிஸ்டரோடு அதை இணைத்தால், மைக் உயிரோடு இருக்கும்வரைதான் அது எரியும்.