"சும்மா விசாரிக்கத்தான்" என்று போலீஸ் அழைத்துப்போனால் என்ன உரிமை இருக்கிறது?

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆம் பிரிவு, யாரையும் தன்னிச்சையாகக் கைது செய்யக்கூடாது என்கிறது. இந்தியாவில் இதற்கு உயிர் கொடுப்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பது சாக்கு ஆகாது.

பிசகுவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். காலையில் அழைத்துப்போய், கைது இரவில் நடந்ததாக எழுதிவிட்டால் அந்தப் பகல் முழுவதும் காகிதத்தில் இருக்காது. ஆகவே கூட்டிச்சென்ற நேரம், இடம், வண்டி எண், பெயர்ப்பட்டையில் உள்ள பெயர் ஆகியவற்றை வீட்டார் உடனே குறித்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். பின்னால் அதுவே சாட்சி.

கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். தேதியும் நேரமும் சரியா என்று பார்க்காமல் போடாதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்.

அடிபட்டிருந்தால் மருத்துவப் பரிசோதனையிலேயே காயங்களைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். மாஜிஸ்திரேட்டிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பயத்தில் பலர் அங்கே மௌனமாகிவிடுவது மிகப் பெரிய இழப்பு. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100.