கேரன் டால்ட்டனின் கட்டைவிரல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரம் தற்செயலாக அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி கேரன் டால்ட்டனின் குரலைக் கேட்டேன். பிறகு இரண்டு இரவுகள் அவரைப் பற்றியே தேடித்தேடிப் படித்தேன். போதை, வறுமை, 1993இல் எய்ட்ஸோடு வந்த மரணம். மனசு ஆறவில்லை. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் அதே காபிக்கடைகளில் பாடிய பாப் டிலன் எங்கோ போய்விட்டார், இவர் ஏன் மறக்கப்பட்டார்? டிலன் இவரைப் போன்றவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுதானே வளர்ந்தார்? இவர்களை நினைவில் வைத்திருக்க என்னைப் போன்ற ஒருவன் என்ன செய்யலாம்? நானும் கொஞ்சம் கிதார் வாசிப்பேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக்கடிதத்தில் முக்கால்வாசி அவருடைய சாவு. அவர் என்ன வாத்தியம் வாசித்தார் என்று ஒரு வரி இல்லை. கிதார் வாசிக்கிறவர் இப்படி எழுதலாமா? படித்ததும் கோபம் வந்தது. ஆனால் இரண்டு இரவு தூங்காமல் தேடியிருக்கிறீர்கள். அந்தத் தவிப்பு பொய்யில்லை என்பதால்தான் இந்தப் பதில்.

டிலன் எடுத்துக்கொண்டாரா என்பதை விடுங்கள். நாட்டுப்புறப் பாடகர் பால் கிளேட்டன் பாடிய ஒரு பாட்டின் மெட்டும் சில வரிகளும் டிலனின் புகழ்பெற்ற பாட்டொன்றில் இருக்கின்றன. கிளேட்டனும் அதை ஒரு பழைய நாட்டுப்பாடலிலிருந்து எடுத்தவர்தான். இன்னொரு வில்லேஜ் பாடகர் டேவ் வான் ரோங்க் ஒரு பழைய பாட்டுக்கு அமைத்த பாஸ் (கீழ்ச்சுர) நடையை டிலன் 1961இல் தன் முதல் ஆல்பத்துக்குப் பதிவுசெய்தார். அங்கே எல்லோரும் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டார்கள். இதில் வழக்காடி உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஏன் மறந்தார்கள் என்பதற்கும் பெரிய மர்மம் கிடையாது. கிரீனிச் வில்லேஜின் மெக்டூகல் தெருக் காபிக்கடைகள் பலவற்றில் சம்பளம் இல்லை. சில பாட்டு பாடியதும் கூடையைச் சுற்றிவிடுவார்கள், விழுகிற காசுதான் வரும்படி. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை யாரும் பதிவுசெய்யவில்லை. டால்ட்டன் உயிரோடு இருந்தபோது வந்த ஆல்பங்களே இரண்டு, 1969இல் ஒன்று, 1971இல் ஒன்று. கானி கான்வெர்ஸ் என்ற பாடகி 1954இல் ஒரு நண்பர் வீட்டு டேப்பில் பாடியது ஆல்பமாக வந்தது 2009இல். அதற்குள் அவர் காணாமல்போய் முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒலித்தட்டு இல்லாத பாடகரை ஊர் மறக்கத்தான் செய்யும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அவருடைய சோகத்தை இன்னொருமுறை எழுதுவதால் அவர் நினைவில் நிற்கமாட்டார். அந்தச் சோகம் யாருக்கும் பொருந்தும், போதையில் அழிந்த எந்தப் பாடகரின் பெயரையும் அதில் எழுதிக்கொள்ளலாம். அவருக்கு மட்டுமே உரியது அந்தக் கையும் குரலும்தான். அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

டால்ட்டன் வாசித்தவை பன்னிரண்டு தந்தி கிதாரும் நீண்ட கழுத்துள்ள பான்ஜோவும். அந்த பான்ஜோவில் வழக்கமான 22 ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள்) மேல் இன்னும் மூன்று உண்டு. தாழ்ந்த குரலுக்கு ஏற்பச் சுருதியை இறக்கிக்கொள்ள பாடகர் பீட் சீகர் கண்டுபிடித்த உபாயம் அது. ஆனால் நீங்கள் கிதாரிலிருந்து தொடங்குங்கள்.

பன்னிரண்டு தந்தி என்பது ஆறு ஜோடி. கீழ்ச்சுருதியில் இருக்கும் நான்கு ஜோடிகளில் தடித்த தந்திக்கு மேல்ஸ்தாயியில் ஒரு மெல்லிய துணை. மற்ற இரண்டு ஜோடிகளில் இரண்டு தந்தியும் ஒரே சுருதி. முதலில் ஆறு முக்கியத் தந்திகளைச் சுருதி சேருங்கள். பிறகு பக்கத்துத் தந்தியை விரலால் அடக்கிக்கொண்டு துணைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பன்னிரண்டும் முடிந்ததும் முதலில் சேர்த்தது இறங்கியிருக்கும். இழுவிசை ஆறு தந்தி கிதாரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, கழுத்து லேசாக வளைந்து கொடுக்கும். அதனால் இரண்டாம் சுற்று கட்டாயம். மொத்தச் சுருதியையும் இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கி வைத்து, தேவைப்பட்டால் கேப்போ (தந்திகளைக் கழுத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். இறக்காவிட்டால் முதலில் அறுவது மூன்றாம் ஜோடியின் மெல்லிய தந்தி. முதல் தந்தியைவிட மேலே சேர்க்க வேண்டியது அதுதான்.

இப்போது கட்டைவிரல். பெரும்பாலான பன்னிரண்டு தந்தி கிதார்களில் மெல்லிய துணைதான் கட்டைவிரலுக்கு முதலில் அகப்படும். புதியவர்கள் அதை மட்டும் தொட்டுவிட்டு விரலை மேலே தூக்கிவிடுவார்கள். பாஸ் போய்விடும், சலங்கை உதிர்கிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு மட்டும் மிஞ்சும். நகத்தால் சீண்டாமல் விரலின் சதையால் இரண்டு தந்தியையும் ஒரே தள்ளாகத் தள்ளி, அடுத்த ஜோடியின்மேல் போய்ச் சாய வேண்டும். நிமிஷத்துக்கு 60 தட்டு வைத்து, இரண்டு ஜோடிகளை மாறி மாறிக் கட்டைவிரலால் மட்டும் வாசியுங்கள். ஒரு வாரம் வேறெதுவும் வேண்டாம்.

அலுப்பாக இருக்கும். ஆனால் அவருடைய பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கை தாளத்தில் நிற்க, குரல் அரைத்தட்டு பின்னால் தங்கி வரும். சொல்லை விடலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோலத் தங்கும். அதைப் பாட முயல்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, குரலை இழுக்கும்போது கையையும் இழுத்துவிடுவது. வாயும் விரலும் சேர்ந்தே பழகியதால் வருகிற வினை அது. உடனே பாட்டு தொய்ந்துபோகும், கேட்பவருக்கு அழுமூஞ்சித்தனமாகப் படும். பிரிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரலை ஓடவிட்டபடி ஏதாவது ஒரு பத்தியைச் சத்தமாக வாசியுங்கள். கை தடுமாறாமல் ஒரு பக்கம் முடிந்தால், பாட்டின் வரியைப் பேச்சாகச் சொல்லுங்கள். பாடுவது அதற்கும் பிறகு.

பழைய டேப்களிலிருந்து கற்கும்போது இன்னொன்று. 1962இல் கொலராடோவின் போல்டரில் டால்ட்டன் பாடியதைப் போன்ற பதிவுகள் பல உண்டு. சில பதிவுகளில் சுருதி எந்த ஃப்ரெட்டுக்கும் சரியாக வராது. பாடியவர்மேல் பழிபோடாதீர்கள், ரெக்கார்டரின் வேகம் பிசகியிருக்கலாம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பின்னணியில் மின் இரைச்சல் பதிவாகியிருந்தால், கணினியில் அலைநிறமாலையை (ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் படம்) திறந்து அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 63.5 பக்கம் நின்றால் டேப் அரைச்சுரம் மேலே ஓடுகிறது. 60க்கு இறக்கிவிட்டுக் கேளுங்கள், குரலுக்கு வயது கூடிவிடும். ஐரோப்பியப் பதிவென்றால் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது பிடிபட்டபின் பார்வையற்ற கிதார் கலைஞர் ரெவரெண்ட் கேரி டேவிஸின் பதிவுகளிடம் போங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இரண்டே இரண்டு. மூன்றாம் விரலைச் சேர்த்தால் வேகம் வரலாம். கனத்த தட்டும் லேசான தட்டும் மாறி மாறி விழுகிற அந்த ஆட்டம் வராது. இன்னொரு கிதார் கலைஞர் எலிசபெத் காட்டனை இப்போதைக்குத் தொடாதீர்கள். அவர் இடக்கைக்காரர், வலக்கைக் கிதாரைத் தந்தி மாற்றாமல் கவிழ்த்துப் பிடித்தவர். பாஸ் விரல்களிலும் மெட்டு கட்டைவிரலிலும் வரும். உங்கள் கை இப்போதுதான் பழகியதையெல்லாம் கலைத்துவிடும்.

அடுத்த கடிதத்தில் டால்ட்டனின் மரணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம் க. எந்தப் பாட்டை எடுத்தீர்கள், கேப்போ எந்த ஃப்ரெட்டில், எந்தச் சொல்லில் உங்கள் கை குரலுக்காக நின்றுவிட்டது, இதை எழுதுங்கள். உடனே பதில் போடுகிறேன்.