புதிய பிறபொருளெதிரி வாங்குமுன் கையிலிருப்பதைச் சோதியுங்கள்

கேள்வி: கொழும்பில் முதுதத்துவமாணி ஆய்வு செய்கிறேன். ஒரு மூலிகைச் சாறு ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்க் கலங்களில், கலத்துக்குள் சைகை கடத்தும் ஈஆர்கே புரதத்தைத் தூண்டுகிறதா என்று வெஸ்டர்ன் புளொட் முறையில் (புரதங்களைப் பிரித்து மென்சவ்வுக்கு மாற்றி, அவற்றைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரியால் கண்டறிவது) பார்க்கிறேன். சாறு இட்டு 24 மணிநேரத்தின் பின் கலங்களைச் சிதைக்கிறேன். மொத்த ஈஆர்கே இரண்டு பட்டைகளாகத் தெரிகிறது. பொசுபேற்று ஏறிய ஈஆர்கே தெரிவதே இல்லை. பின்னணி மட்டும் கறுக்கிறது. பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மென்சவ்வை மறைக்கப் பால்மாக் கரைசல் பயன்படுத்துகிறேன். பிறபொருளெதிரி பழுதா? வேறு நிறுவனத்தினதை வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக ஒரு சிறு குப்பி வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். வந்த பிறகும் இதே வெறும் மென்சவ்வைத்தான் பார்ப்பீர்கள் என்பது என் ஊகம். உங்கள் செய்முறையில் சந்தேகப்பட வேண்டியவை சில உண்டு. பிறபொருளெதிரியின் முறை கடைசியில்தான் வருகிறது.

இரண்டு பட்டைகளைக் கண்டு கலங்க வேண்டாம். ஈஆர்கே இரண்டு வடிவங்களில் உண்டு: ஈஆர்கே1இன் எடை ஏறத்தாழ 44 கிலோடால்ட்டன், ஈஆர்கே2இனது ஏறத்தாழ 42. பிறபொருளெதிரி இரண்டையும் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். மெக் என்ற நொதியம் ஈஆர்கே1இன் 202ஆம் அமினோ அமிலமான திரியோனினிலும் 204ஆம் அமினோ அமிலமான தைரோசினிலும் பொசுபேற்றை ஏற்றும்போதுதான் ஈஆர்கே முழுமையாக வேலை செய்யத் தொடங்குகிறது. ஈஆர்கே2இல் அந்த இடங்கள் 185, 187. பொசுபேற்று ஏறிய ஈஆர்கேக்கான உங்கள் குப்பி தேடுவது இந்த அடையாளத்தைத்தான். ஈஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணி பட்டால் இந்த அடையாளம் 5 முதல் 10 நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள் தணியத் தொடங்கிவிடும். 24 மணிநேரம் கழித்துப் பார்ப்பது நேற்றுப் போன யாழ்தேவி ரயிலை இன்று கோட்டை நிலையத்தில் தேடுவதைப் போன்றது. 5, 15, 30, 60 நிமிடங்களில் பாருங்கள். விரும்பினால் 24 மணிநேரத்தையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவே கலங்களைச் சீரம் (கலங்கள் வளரச் சேர்க்கும் குருதிநீர்) இல்லாத ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். சீரமே ஈஆர்கேயைத் தூண்டும் என்பதால், அது இருக்கும்போது சாறு செய்ததையும் சீரம் செய்ததையும் பிரித்தறிய முடியாது.

நீங்கள் சீரத்தை நீக்கவில்லை என்றால், எனக்கு இன்னொரு சந்தேகமும் வருகிறது. சீரத்தில் வளரும் ஹீலாவில் ஒரு மங்கலான பட்டையாவது பொதுவாகத் தெரிய வேண்டும். அதுவும் இல்லையென்றால், கலம் உடைந்தபின் உங்கள் குழாய்க்குள்ளேயே பொசுபேற்று கழன்றிருக்கலாம். பொசுபேற்றைக் கழற்றும் பொசுபற்றேசு நொதியங்கள் நாம் கலத்தைக் கொன்றதற்காக வேலையை நிறுத்துவதில்லை. சிதைக்கும் கரைசலில் புரதச் சிதைவைத் தடுக்கும் கலவை மட்டும் போதாது. பொசுபற்றேசைத் தடுக்கச் சோடியம் புளோரைட்டும் சோடியம் ஓதோவனடேற்றும் வேண்டும். அவை கையில் இல்லையா? தட்டைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்ந்த கரைசலால் ஒரு தடவை கழுவி, புரதங்களைக் குலைக்கும் சூடான எஸ்டிஎஸ் கரைசலை நேரே ஊற்றிச் சுரண்டி, 95 பாகையில் ஐந்து நிமிடம் வையுங்கள். நொதியங்கள் அங்கேயே செத்துவிடும். டிஎன்ஏ பிசுபிசுத்தால் மெல்லிய ஊசியில் சில தடவை இழுத்துவிடுங்கள். புரத அளவைப் பிசிஏ முறையில் எடுப்பதானால், டிடிடி என்ற தாழ்த்தும் பொருளையும் நீல நிறச் சாயத்தையும் அளந்த பிறகே சேர்க்க வேண்டும். செலவில்லாத இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது.

அடுத்தது பால்மா. பாலிலுள்ள கேசீன் தானே பொசுபேற்று ஏறிய புரதம், பிறபொருளெதிரி அதிலும் ஒட்டலாம் என்பதால், இத்தகைய வேலைக்கு 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுக் குருதியின் அல்புமின் புரதம்) பாதுகாப்பானது. பால்மாவே சரியாக வேலை செய்கிற பிறபொருளெதிரிகளும் உண்டு. குப்பியோடு வந்த தாளைப் பாருங்கள். ஆனால் கடையில் வாங்கிய முழு ஆடைப் பால்மாவாக இருந்தால் அதைத் தேநீருக்கே வைத்துக்கொள்ளுங்கள். அதன் கொழுப்பும் பின்னணியைக் கூட்டும்.

இவற்றைச் சரிசெய்த பின் குப்பியை விசாரணைக்கு அழையுங்கள். சீரமின்றி வைத்த ஹீலாவில் மூன்று தட்டுகள் போதும்: ஒன்றுக்கு எதுவும் இல்லை, ஒன்றுக்கு ஈஜிஎஃப் 10 நிமிடம், மூன்றாவதற்கு மெக்கைத் தடுக்கும் யு0126 முதலில் அரை மணிநேரம், பிறகு ஈஜிஎஃப். நடுவில் உள்ளது கறுத்து, மூன்றாவது வெளுத்து, மொத்த ஈஆர்கே மூன்றிலும் ஒரே அளவில் இருந்தால் உங்கள் பிறபொருளெதிரி நேர்மையானது. இந்த மூன்று தட்டுகளும் இல்லாத படத்தை நான் நம்புவதில்லை. மேற்பார்வையாளரும் நம்பக் கூடாது.

மின்வெட்டைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றபோது எல்லோரும் குப்பிகளை நினைத்துக் கவலைப்பட்டோம். பிறபொருளெதிரி நாம் பயப்படுவதைவிட உறுதியானது. பாதி கிளிசரோல் உள்ள கரைசல் மறை 20 பாகையிலும் உறைவதில்லை. சில மணிநேரம் குளிர் குறைந்ததால் மட்டும் அது கெட்டுவிடாது. கிளிசரோல் இல்லாததை மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்குவதுதான் கெடுதல். சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். ஈஆர்கேயைப் பற்றும் முதல் பிறபொருளெதிரியை ஐதாக்கியதில், கெடாதிருக்கச் சிறிது சோடியம் ஏசைட்டு இட்டுச் சில தடவை பயன்படுத்தலாம். முதலாவதைப் பற்றி ஒளிரச்செய்யும் இரண்டாம் பிறபொருளெதிரியில் இடவே கூடாது. அதிலுள்ள பெரொக்சிடேசு நொதியத்தை ஏசைட்டு முடக்கிவிடும்.

ஈஜிஎஃப் இட்ட தட்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால், மூன்று தட்டுகளின் படத்தையும் குப்பியிலுள்ள தொகுதி இலக்கத்தையும் விற்பனையாளருக்கு அனுப்பி, மாற்றுக் குப்பி கேளுங்கள்.